பச்சையம்மா கேட்ட சட்டி

1

சென்ற சனிக்கிழமை மகளோடு சட்டி வாங்கப் போய், கடையில் பேச்சு வராமல் நின்றுவிட்டேன். எண்பத்தேழு வயதில் ஒருவன் அப்படி நின்றால் அதற்கு உடம்பில் ஆயிரம் காரணம் இருக்கலாம். மாலினியும் அப்படித்தான் நினைத்தாள். ஒரு நாற்காலி கேட்டு வாங்கி என்னை உட்கார வைத்தாள், தண்ணீர் கொடுத்தாள், மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இங்கே ஆஸ்திரேலியாவில், பெர்த்தில், இப்போது கோடை. மாலினி வீட்டுக் கொல்லையில் ஒரு பிளம் மரம் நிற்கிறது. வீட்டை விற்றுவிட்டுப் போனவர் வைத்த மரம். இந்த வருஷம் கிளைகள் தரையைத் தொடும் அளவுக்குக் காய்த்துவிட்டது. கிளிகள் தின்றது போக, அக்கம்பக்கத்தில் கொடுத்தது போக, நாலு வாளி மிச்சம். ஜாம் காய்ச்சிவிடலாம் என்றாள். கூடவே இன்னொரு திட்டமும் வைத்திருந்தாள். மாட்டெலும்பை நாள் முழுக்கக் கொதிக்கவிட்டுச் சாறு எடுத்துக் கொடுத்தால் என் முழங்கால் வலிக்கு நல்லது என்று அவளோடு வேலை செய்யும் பெண் சொல்லியிருக்கிறாள்.

"ரெண்டுக்கும் சேத்து ஒரே சட்டியா வாங்கிடலாம்பா. நம்ம வீட்டு அலமாரில ரெண்டு வெக்க எங்க எடம் இருக்கு" என்றாள்.

கடையில் இருந்த பெண்ணுக்கு அவள் வயதுக்கு நல்ல விஷயஞானம். சாறு எடுக்க உயரமான சட்டி வேண்டும், வாய் குறுகலாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது என்றாள். ஜாமுக்கு நேர்மாறு. வாய் அகன்றிருந்தால்தான் தண்ணீர் வேகமாக வற்றும், கரண்டி எல்லா மூலைக்கும் போகும், அடி பிடிக்காது. உயரமான சட்டியில் ஜாம் காய்ச்சினால் மேலே நீர்த்திருக்கும்போதே கீழே கருகிவிடும். இரண்டு சட்டிகளை எடுத்து மேசைமேல் அருகருகே வைத்தாள்.

மாலினி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, நீங்க சொல்லுங்க லா. ஒசரமா, அகலமா?"

அப்போதுதான் எனக்கு வாய் அடைத்துப்போனது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நான் சட்டி தேர்ந்தெடுத்திருக்கிறேன். அதைப் பற்றி அன்றுவரை யாரிடமும் பேசியதில்லை.

2

மலாயாவில் வெள்ளைக்காரர் அரசாங்கம் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு மோதிய அவசரகாலத்தில், நான் பகாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் சின்னக் கிராணியாக, கணக்கு எழுதுகிறவனாக இருந்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். அப்பா கெமாஸ் ரயில்வேயில் கொடி காட்டும் வேலை பார்த்து என்னைச் சிரம்பானில் ஆங்கிலப் பள்ளியில் படிக்க வைத்தார். இருபத்து நான்கு வயது. தோட்டத்தில் துரையைத் தவிர்த்துப் பார்த்தால் ஆங்கிலத்தில் தடங்கல் இல்லாமல் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த எண்ணம் சட்டையில் போட்ட கஞ்சி மாதிரி என்னை விறைப்பாக வைத்திருந்தது.

வேலைக்காரர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். விடிந்ததும் ரப்பர்ப் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்தி உடம்பைத் தடவிச் சோதிப்பார்கள். ஒரு உருண்டைச் சோறுகூட வேலியைத் தாண்டக் கூடாது. கடையில் பால் டின் வாங்கினால் விற்கும்போதே துளை போட்டுக் கொடுத்தார்கள், வைத்திருந்து காட்டுக்குக் கொடுக்க முடியாதபடி. அதற்கும் பிறகு ஒரு உத்தரவு வந்தது. இனிமேல் எந்த வீட்டிலும் அரிசி இருக்கக் கூடாது. தோட்டத்துக்கு ஒரே சமையற்கட்டு. அங்கே வடித்த சோற்றைத்தான் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கிக்கொள்ள வேண்டும். அரிசி என்றால் காட்டுக்குள் மாதக்கணக்கில் இருக்கும், சோறு என்றால் மறுநாளே புளித்துவிடும். இதுதான் உத்தரவு போட்டவர்களின் கணக்கு.

வேலை வாங்கும் மண்டோர், சமைக்கப் பச்சையம்மாவைச் சொன்னார். தோட்டத்துக் கல்யாணம், கோயில் திருவிழா என்றால் அவர் கைச்சமையல்தான். முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். கணவர் இல்லை. சரசு என்று எட்டு வயதில் ஒரு பெண். இங்கே 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு நான் அவரை 'நீ' என்றுதான் அழைத்தேன். அவர் என்னை 'ஐயா' என்றார்.

நூற்றெண்பது பேருக்குச் சோறு வடிக்கச் சட்டி வேண்டும். சமைக்கிறவளையும் அழைத்துக்கொண்டு சிரம்பான் போய் வாங்கி வா என்று துரை லோரியைக் கொடுத்தார்.

அது சீனர் ஒருவரின் பாத்திரக் கடை. வாசலிலேயே குவாலி என்கிற அகன்ற இரும்புச் சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கியிருந்தார்கள். மலாய்க்காரர்கள் கெண்டூரி விருந்துக்கு வைப்பது. பச்சையம்மா வேறு எங்கும் பார்க்காமல் அங்கே போனார். முந்தானையால் ஒன்றின் தூசியைத் துடைத்தார். விரல்கணுவால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார்.

"இது போதுங்க ஐயா. இதுல நாலு எடுத்துக்குங்க."

நான் உள்ளே போய்விட்டிருந்தேன். அங்கே என் இடுப்பு உயரத்துக்கு அலுமினியச் சட்டிகள் பளபளவென்று நின்றன. பட்டாள முகாம்களுக்குப் போகிற சரக்கு. நம் சமையற்கட்டு குறுகலான கொட்டகை. அதில் குவாலி இரண்டுதான் அடங்கும், உயரச்சட்டி மூன்று வரிசையாக நிற்கும். சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஆரம், உயரம் எல்லாம் போட்டு, எத்தனை கேலன் கொள்ளும் என்று கடைக்காரரின் பழைய காகிதத்திலேயே கணக்குப் போட்டேன்.

பச்சையம்மா வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இதுங்களா? கெணறு மாதிரி இருக்கு. அகப்ப அடியத் தொடாதுங்க. சாச்சுக் கஞ்சி வடிக்க ரெண்டு ஆம்பள வேணும்."

"கஞ்சி வடிக்க வேணாம். தண்ணிய அளந்து ஊத்து. சரியா வத்திடும்."

"அளந்து ஊத்துனா அடி புடிக்குங்களே ஐயா."

"நெருப்பக் கொறச்சு வை."

"நெருப்பு நான் சொன்னாக் கேக்கும். சட்டி கேக்குமா?" என்று சிரித்தார்.

கடைக்காரத் தவுக்கேக்கும் ஏதோ புரிந்திருக்க வேண்டும். அவரும் சிரித்துக்கொண்டே, "இனி சூப் புன்யா லா. மாசாக் நாசி, சுசா" என்றார். இது சூப்புக்கு உள்ளது, சோறாக்கினால் கஷ்டம் என்று அர்த்தம்.

கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு பெண்ணும் ஒரு கடைக்காரரும் சேர்ந்து என் கணக்கைப் பார்த்துச் சிரிப்பதாக எனக்குத் தோன்றியது. அவர்கள் சட்டியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். எனக்கு அது தெரிய நாளாயிற்று. மூன்று உயரச்சட்டிகளை லோரியில் ஏற்றச் சொன்னேன். திரும்பி வரும் வழி முழுக்க அவர் லோரியின் பின்னால் உட்கார்ந்து, அவை ஒன்றோடொன்று மோதி நெளியாமல் இரண்டு கையாலும் கால்களாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

3

அவர் சொன்னதுதான் நடந்தது. மேலே நறுக்கரிசி, நடுவே களி, அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் செந்நிறமாகப் பிடித்துக்கொண்ட சோறு.

மங்குத் தட்டோடு வரிசையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா?

"என்னாக்கா இது, சோறா?"

"மேலேருந்து போட்டா அரிசி, நடுவுலேருந்து போட்டா களி, கீழேருந்து போட்டா முறுக்கு. மூணு வகை ஒரே சட்டியில. எந்தக் கல்யாணத்துல இப்படிப் போட்டாங்க? வாங்கிட்டு நட."

என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குள் தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்றியும், ஈரச்சாக்கைப் போட்டு மூடியும், மேலே இருக்கும் அரிசியை வேகவைக்க வழி கண்டுபிடித்துவிட்டார். அடிபிடிப்பதற்கு மட்டும் வழி இல்லை. மத்தியானம் சட்டியைத் தரையில் படுக்கவைத்து, பாதி உடம்பை உள்ளே நுழைத்துச் சுரண்டுவார். வெளியே இரண்டு கால் மட்டும் தெரியும். சரசு அந்தப் பாதங்களில் கிச்சுக்கிச்சு மூட்டுவாள். உள்ளேயிருந்து அவர் திட்டுவது கோயில் மணிக்குள் பேசுவது போலக் கேட்கும். நான் ஆபீஸ் ஜன்னலில் இருந்து பார்ப்பேன். அந்த நாட்களில் அந்தத் தோட்டத்தில் யாராவது சிரித்து நான் கேட்டேன் என்றால் அது பெரும்பாலும் அங்கேதான்.

சமையற்கட்டு எப்படி நடக்கிறது என்று மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். நான் ஆங்கிலத்தில் எழுதி, துரை கையெழுத்துப் போடுவார். 'சட்டிகள் திருப்திகரமாக இருக்கின்றன. சோறு அடிபிடிப்பதில்லை. மிச்சமோ சேதமோ இல்லை' என்று எழுதினேன். துரை படித்துவிட்டு, நல்ல தேர்வு என்று என் தோளைத் தட்டினார். அந்தத் தட்டலுக்குப் பிறகு உண்மையைச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

பச்சையம்மா சுரண்டிய சோற்றைக் கொட்டகைக்குப் பின்னால் இருந்த சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தார். துரை காலையில் ஒரு சுற்று வருவார். ஒரு நாள் மத்தியானம் நான் போய்ப் பச்சையம்மாவிடம் சொன்னேன்.

"இத இங்க கொட்டாத. தொர பாத்தாருன்னா கேள்வி வரும்."

"எங்கதாங்க கொட்றது? வேலிக்கு வெளிய விட மாட்டானுங்க. கோழிக்குப் போட்டாலும் அத்தனையும் திங்குமா?"

"எதாச்சும் பண்ணு. சாக்கடைல மட்டும் வேணாம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "வடகம் போட்றவா?"

"போடு."

வேறு என்ன செய்வார்? மிஞ்சிய சோற்றை நம் பெண்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். உரலில் போட்டு உப்பு, மிளகாய், சீரகம் சேர்த்து இடித்து, கொட்டகைக்குப் பின்னால் பாயை விரித்துக் கிள்ளி வைத்தார். வெயிலுக்கா அங்கே பஞ்சம்? பிஸ்கட் டின்களில் போட்டு மூடி வைத்தார். சாயங்காலம் பொரித்துப் பிள்ளைகளுக்குக் கைநிறையக் கொடுத்தார். எனக்கும் ஒரு தட்டு வரும். தேநீரோடு தின்பேன். சோறு ஒரு நாளில் புளித்துவிடும் என்று போட்ட உத்தரவை, சோற்றை வருஷக்கணக்கில் வைக்கத் தெரிந்த ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார்கள் என்பது எனக்கும் உறைக்கவில்லை, அவருக்கும் உறைக்கவில்லை.

4

ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போலீஸ் லோரி வந்தது. வந்த அதிகாரி வெள்ளைக்காரர். கோபக்காரர் இல்லை, முறையானவர். சமையற்கட்டைச் சோதித்தார்கள். மூன்று பிஸ்கட் டின்கள் நிறைய வடகம். பாயில் காய்ந்துகொண்டிருந்தது வேறு.

என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். பக்கத்தில் துரை நின்றார்.

"இது என்ன?" என்று அதிகாரி கேட்டார்.

"வடகம்ங்க. அடிச்சோறு. சட்டி அடி புடிக்குதுல்ல, அதச் சொரண்டிக் காய வெச்சது" என்றார் பச்சையம்மா. பயமில்லாமல்தான் சொன்னார். ஒரு துண்டை எடுத்து நீட்டவும் செய்தார்.

சட்டியின் அடியில் மிஞ்சிய சோறு என்கிறார் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதிகாரி கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். அதில் என் அறிக்கை இருந்தது. "இங்கே அடிபிடிப்பதில்லை, மிச்சம் இல்லை என்று எழுதியிருக்கிறதே. இதை எழுதியது யார்?"

"நான்தான், சார்."

"எழுதியது சரியா?"

துரை என்னைப் பார்த்தார். நான் "யெஸ், சார்" என்றேன்.

பச்சையம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. "என்னா கேக்குறாரு ஐயா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒண்ணுமில்ல. விசாரிக்கிறாரு."

அடிபிடிக்காத சட்டியில் அடிச்சோறு ஏது? அப்படியானால் அது ஜனங்களின் பங்கிலிருந்து எடுத்தது. கெடாமல் பதப்படுத்தி டின்னில் அடைத்திருக்கிறார்கள். யாருக்கு? அதிகாரிக்குக் கணக்கு ஒழுங்காக வந்துவிட்டது. கடைசியாக, இதைச் செய்யச் சொன்னது யார் என்று கேட்கச் சொன்னார்.

கேட்டேன். பச்சையம்மா என் முகத்தை ஒரு முறை பார்த்தார். பிறகு, "யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்" என்றார்.

அதை மட்டும் ஒரு சொல் குறையாமல் மொழிபெயர்த்தேன்.

லோரியில் ஏறும்போது அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "அடுப்புல ஒல கொதிக்குதுங்க. யாரையாச்சும் அரிசியப் போடச் சொல்லுங்க, புள்ளைங்க வந்துடும்."

விசாரணை இல்லாமலே அடைத்துவைக்க அன்றைய சட்டத்தில் இடம் இருந்தது. எட்டு மாதம். சரசுவைப் பக்கத்து வீட்டில் வைத்துக்கொண்டார்கள். தட்டோடு வரிசையில் வந்து நிற்பாள். சமையற்கட்டுப் பக்கம் பார்க்காமல் முன்னால் நிற்பவரின் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

இன்னொன்றையும் நான் செய்தேன். அது இல்லாமல் இந்தக் குறிப்பு முழுமையாகாது. பச்சையம்மா போன மூன்றாவது வாரம், சட்டிகளில் துளை விழுந்துவிட்டது என்று பொய் எழுதி அனுமதி வாங்கி, கொட்டகையையும் கொஞ்சம் நீட்டி, சிரம்பானிலிருந்து நாலு இரும்புக் குவாலி கொண்டுவந்து வைத்தேன். உயரச்சட்டிகளைத் தொழிற்சாலைப் பக்கம் தள்ளிவிட்டேன். இனி யாரும் வந்து பார்த்து என்னைக் கேள்வி கேட்க முடியாது என்பதற்காக.

சோறு பொலபொலவென்று வந்தது. அடிபிடிக்கவில்லை. ஆளுக்கு ஒரு கரண்டி கூடவே கிடைத்தது. வரிசையில் ஒருவர் சொன்னார், என் காதுபடத்தான் சொன்னார்:

"பாத்தியா? அவ போனதும் சோறு நெறைய வருது. அப்ப எடுத்தது உண்மதான்."

அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் அதை யாரும் சந்தேகமாகச் சொல்லவில்லை. நடந்த விஷயமாகவே சொன்னார்கள்.

5

எங்கள் பகுதியில் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபோது அடைத்து வைத்திருந்தவர்களில் சிலரை விட்டார்கள். பச்சையம்மாவும் வந்தார். லயத்துக்குப் போகும் முன் நேராக ஆபீஸுக்கு வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. வாசலில் நின்றபடியே பேசினார்.

"நான் வாயே தொறக்கல ஐயா. எத்தன வாட்டி கேட்டானுங்க, சொல்லல. ஒங்களயும் சேத்து ஏத்திட்டுப் போயிட்டானுங்கன்னா, எனக்காக இங்கிலீசுல எடுத்துச் சொல்ல இந்த எஸ்டேட்ல வேற யாரு இருக்கா? நீங்க வெளிய இருந்தாத்தான் பேச முடியும்னு தெரியும். பேசிருக்கீங்க. வந்துட்டேன்."

நான் ஒன்றும் பேசியிருக்கவில்லை. ஒரு கடிதம் எழுதவில்லை. துரையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதைச் சொல்ல அந்த நிமிடம் எனக்குப் போதுமானதாக இருந்தது. "உக்காரு. டீ குடிச்சிட்டுப் போ" என்றேன்.

தோட்டத்தில் அவரால் இருக்க முடியவில்லை. பின்னால் கல்யாணம், திருவிழா என்றால் அவரை யாரும் கூப்பிடவில்லை. சரசுவை அழைத்துக்கொண்டு பகாவ் போய், பாசார் சந்தையில் அப்பளம், வடகம் விற்றுப் பிழைத்தார். ஒவ்வொரு பொங்கலுக்கும் முன்னால் எனக்கு ஒரு டின் வடகம் வரும். நான் தோட்டத்தை விட்டுச் சிரம்பானில் வேறு வேலைக்குப் போனபோது அங்கே வந்தது. என் மனைவி அதற்கென்று ஒரு கண்ணாடி ஜாடியே ஒதுக்கி வைத்திருந்தாள். யார் இந்தப் பச்சையம்மா என்று கேட்டதற்கு, எஸ்டேட்டில் தெரிந்தவர் என்றேன். மனைவி போன பிறகு மாலினி என்னைப் பெர்த்துக்கு அழைத்துக்கொண்டாள். அதற்குள் பச்சையம்மாவும் இல்லை. சரசு விடவில்லை. பொட்டலம் கடல் தாண்டி வர ஆரம்பித்தது. தொலைபேசியில் பேசும்போதெல்லாம் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்வாள்: "கிராணி ஐயா பேசுறாங்க. ஆயாவ உள்ளேருந்து கொண்டு வந்தாங்கல்ல, அவங்க."

நான் கேட்டுக்கொண்டிருப்பேன். வடகத்தையும் தின்றேன். எல்லா வருஷமும் தின்றேன்.

6

போன வருஷம் அந்தப் பொட்டலத்தை இங்குள்ள சோதனை அலுவலகம் நிறுத்தி வைத்துக்கொண்டது. இந்த நாட்டில் வெளியிலிருந்து வரும் விதை, தானியம் எல்லாவற்றையும் அலசிப் பார்ப்பார்கள். நல்ல வழக்கம்தான். எனக்கு ஒரு படிவம் வந்தது. இது என்ன பொருள், எதிலிருந்து செய்தது, எப்படிக் கெடாமல் இருக்கிறது, யார் உண்ண. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். வேகவைத்த சோறு, உப்பும் மிளகாயும் சேர்த்து இடித்து வெயிலில் காயவைத்தது, எங்கள் வீடுகளில் மிஞ்சிய சோற்றை வீணாக்காமல் இப்படிச் செய்வார்கள், வீட்டில் பொரித்துச் சாப்பிட. ஆங்கிலத்தில் ஏழு வரி. கால்மணி நேரம் ஆகவில்லை. பத்து நாளில் பொட்டலத்தை விட்டுவிட்டார்கள்.

அந்த ஏழு வரியை ஒரு காலைவேளையில் ஒரு அதிகாரியிடம் சொல்லியிருக்க வேண்டியவன் நான். படிவத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து வெகுநேரம் கொல்லையில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் சொல்லவில்லை. சொல்வதற்கு இந்தச் சனிக்கிழமைச் சட்டி வேண்டியிருந்தது.

கடையில் தண்ணீர் குடித்ததும் மாலினியிடம், "சமைக்கிறவ நீம்மா. நீ சொல்லு" என்றேன். அவள் அகலமானதைத் தட்டிப் பார்த்தாள், இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். "இதையே எடுக்கிறேன்பா. சாறு வத்துச்சுன்னா தண்ணி ஊத்திக்கலாம். ஜாம் அடி புடிச்சா என்னா பண்றது?" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஜாம் காய்ச்சினாள். பேத்தி தாரா பழங்களிலிருந்து கொட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். வீடெல்லாம் புளிப்பும் இனிப்புமாக வாசனை. மாலினி மரக்கரண்டியால் சட்டியின் அடியைத் தடவித் தடவிக் கிளறிக்கொண்டிருந்தபோது நான் சொல்ல ஆரம்பித்தேன். இங்கே எழுதியிருப்பதை எல்லாம் சொன்னேன். அவள் கரண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அடிபிடிக்கும். என்னைப் பார்க்காமலே கேட்டாள். முடிந்ததும் அடுப்பை அணைத்தாள்.

"சரசு அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

தாராவுக்குத் தமிழ் பாதிதான் புரியும். தாத்தா என்ன சொல்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மாலினி மூன்று வாக்கியத்தில் சொல்லி முடித்தாள். அத்தனை வருஷமும் அந்த மூன்று வாக்கியத்துக்குள் அடங்கிவிட்டது. தாரா கொட்டை எடுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, ஏன் சொல்லவில்லை என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். குற்றம் சாட்டும் குரல் இல்லை. தெரியாமல் கேட்டாள். அதே மொழியில் பதில் சொன்னேன்: தவறான சட்டியை வாங்கினேன் என்று ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டேன். அதைச் சொல்லி முடித்ததும் அவள் இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோலக் காத்திருந்தாள். அவ்வளவுதான் என்றேன்.

மாலினி தொலைபேசியை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். பெர்த்துக்கும் பகாவுக்கும் ஒரே மணி. அங்கும் காலை பதினொன்று.

7

சரசுவுக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. குரல் அச்சு அசல் அம்மாவின் குரல். "ஐயா, இந்த வருஷ வடகம் காயுது. மழை விட்டாத்தான் அனுப்ப முடியும் போல" என்று ஆரம்பித்தாள். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சிரம்பான் கடை, அறிக்கை, சாக்கடை, 'யெஸ், சார்', குவாலி. கடைசியாக, நான் யாரிடமும் பேசவில்லை என்பதை.

பின்னால் ஏதோ மோட்டார் போகிற சத்தம் மட்டும் கேட்டது. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"இருக்கேன்" என்றாள்.

பிறகு, "அம்மா சாகுற வரைக்கும் சொன்னாங்க, அவரு பேசிருக்காருன்னு" என்றாள்.

"தெரியும்மா."

"அது போவட்டும் ஐயா. ஒங்கள நெனச்சு அவங்க சந்தோசமா இருந்தாங்க, அத நான் எடுக்க மாட்டேன். ஆனா ஒண்ணு. எங்கம்மாவ சோத்துத் திருடின்னு சொன்னாங்க. என் கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்க வந்த எடத்துலயே சொன்னாங்க. போன வருசம் அந்த எஸ்டேட்காரங்க எல்லாம் ஒண்ணா கூடுனாங்க, பழைய ஆளுங்க, அவங்க புள்ளைங்க. நானும் போனேன். ஒரு பையன், பேரன் வயசு, சிரிச்சுக்கிட்டே கேக்குறான், காட்டுக்குச் சோறு அனுப்புன வீடு ஒங்க வீடுதானேன்னு. நான் என்னா சொல்றது? எனக்கே தெரியாதே. அம்மா எடுக்கலன்னு நம்புனேன். தெரியாது."

அந்தப் பெண் எழுபது வயது வரைக்கும் நம்பிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"நீங்க எழுதுறவங்கதானே" என்றாள். "எழுதுங்க. இங்கிலீசுல வேணாம். நம்ம ஆளுங்க படிக்கிற மாதிரி எழுதுங்க. அம்மா பேரப் போட்டு எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். வடகத்தைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

அதனால்தான் இதை எழுதினேன். பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களோ அவர்களின் பிள்ளைகளோ இதைப் படித்தால், தயவுசெய்து வீட்டில் உள்ளவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். அறுபது வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய அறிக்கை தவறானது. அதைத் திருத்தி எழுதுகிறேன்.

தோட்டச் சமையற்கட்டின் மூன்று சட்டிகளும் முதல் நாளிலிருந்தே அடிபிடித்தன. அவற்றைத் தேர்ந்தெடுத்தவன் நான். அடிச்சோற்றைச் சாக்கடையில் கொட்டாதே என்று சொன்னவன் நான். வடகம் போடச் சொன்னவனும் நான். சமையல்காரர் பச்சையம்மா யாருடைய பங்கிலிருந்தும் ஒரு பிடிச் சோறு எடுக்கவில்லை. காட்டுக்கு எதுவும் அனுப்பவில்லை. அவர் போன பிறகு சோறு கூடுதலாக வந்ததற்குக் காரணம் குவாலி.

அவர் முதலிலேயே கேட்டது அதைத்தான்.